வீட்டை விற்றவர் கதையை வருஷ வாரியாகப் படிங்க தம்பி

வீடியோ கேம் கம்பெனி தொடங்கணும் என்று என்னிடம் வருகிறவர்களில், ஒரே மாதத்தில் இது மூன்றாவது ஆள். தருமபுரியில் ஆடிட்டர் தொழில் பார்ப்பவன் நான். வீடியோ கேமைப் பற்றி எழுத வேண்டி வரும் என்று நினைத்ததே இல்லை.

பாலக்கோட்டுப் பையன், இருபத்தைந்து வயசு. ஓசூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, "கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணணும் சார்" என்று வந்தான். லேப்டாப்பைத் திறந்தான். ஊதா நிறத்தில் ஒரு கிரகம் மெல்லச் சுற்றியது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. விண்கலத்தைத் தரையிறக்கிக் காட்டினான். அது தரைக்குள் புகுந்து மறைந்துபோனது. "அது பக் சார், சரி பண்ணிடுவேன்."

கூட வந்த அப்பா தக்காளி விவசாயி. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த அடகு ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்து நீவிவிட்டார். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை. "இதைச் செலவுல எழுதிக்கலாங்களா சார்?"

எழுத முடியாது. கடனின் அசல் செலவு ஆகாது. தொழிலுக்கு வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டி மட்டும்தான் செலவு. இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் எழுத விரும்பவில்லை.

வருகிற பையன்கள் எல்லாரும் ஒப்பிப்பது ஒரே கதை. இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்ற ஊர், நாலு பேர், ஹலோ கேம்ஸ் என்ற கேம் கம்பெனி. அந்த நாலு பேரில் ஒருவரான ஷான் மரே வீட்டை விற்றார், நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி கேம் வந்தது, பணம் கொட்டியது. கேட்டுக் கேட்டுக் காது புளித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து படித்தேன். கணக்குக்காரன் கண் முதலில் தேதிக்குத்தான் போகும்.

அவர் வீட்டை விற்றது விண்வெளி கேமுக்காக இல்லையப்பா! 2010-ல் வந்த ஜோ டேஞ்சர் என்ற முதல் கேமுக்காக. மோட்டார் சைக்கிளில் குட்டிக்கரணம் அடிக்கும் ஒரு சாகசக்காரன், அவ்வளவுதான் கேம். அதற்கும் முன்னால் கிரைட்டீரியன் என்ற பெரிய ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு வேலை பார்த்துத் தொழில் கற்றவர். ஜோ டேஞ்சர் விற்றது. 2012-ல் அதற்கு இரண்டாம் பாகம். விண்வெளி கேமை ஊருக்கு அறிவித்ததே 2013 டிசம்பரில்தான். அதாவது சின்ன கேம் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் பெரிய கேம். நீங்கள் நடுப்பக்கத்தைக் கிழித்துவிட்டு முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒட்டிப் படிக்கிறீர்கள்.

அறிவித்த அதே மாதம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அவர்கள் ஆபீஸுக்குள் வெள்ளம் புகுந்து கம்ப்யூட்டர்கள் மூழ்கின. கேம் வந்தது 2016 ஆகஸ்டில். 1.84 லட்சம் கோடி கோடி கிரகங்கள். கிரகம் இருந்தது, சொன்னதில் பல விஷயம் இல்லை. வாங்கியவர்கள் கொதித்தார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்து, விளம்பரத்தில் தப்பில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் ஹலோ கேம்ஸ்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இலவச அப்டேட்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நண்பர்கள் சேர்ந்து ஒழுங்காக விளையாடும் வசதி 2018 ஜூலையில்தான் வந்தது. கேமை விற்ற பிறகும் இரண்டு வருஷம் சம்பளம் கொடுக்கக் கையில் காசு இருந்தது அவர்களுக்கு. உங்களுக்கு?

ஷாங்காயில் இரண்டே பேர் செய்த எஃப்டிஎல் என்ற விண்கல கேமையும் சிலர் உதாரணம் காட்டுகிறார்கள். 2012-ல் பொதுமக்களிடம் 10,000 டாலர் கேட்டார்கள், 2 லட்சம் டாலர் வந்தது, சரி. கேட்கும்போதே ஆடிப் பார்க்கும் நிலையில் கேம் தயாராக இருந்ததே? அதில் கிரகத்தில் இறங்கும் வேலையே கிடையாது. மேலிருந்து பார்க்கிற ஒரு கப்பல், கட்டம் கட்டமாய் அறைகள். ஆர்பிட்டர் என்ற விண்கலம் ஓட்டும் கேமைச் செய்த மார்ட்டின் ஷ்வைகர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி வேலை பார்த்தபடியே, 2000-லிருந்து அதை இலவசமாகக் கொடுத்தார். அவர் பெயரை ஒரு பையனும் சொல்வதில்லை!

இனி என் தொழில் பேச்சு. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் ஒரு கேம் ஏற்ற 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால்தான் அது திரும்பும். விலையில் பொதுவாக 30 சதவீதம் கடைக்காரருக்கு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். ஆகவே முதல் வார விற்பனையைப் பார்த்து பைக் புக் பண்ணாதீர்கள். ஸ்டீமுக்குக் கொடுக்கும் வரிப் படிவத்தில் இந்தியா-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிடாவிட்டால் அமெரிக்காவில் நடந்த விற்பனையில் 15-க்குப் பதில் 30 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்த பிறகு ஓடி வந்தால் நான் என்ன செய்ய? பிரைவேட் லிமிடெட் இப்போது வேண்டவே வேண்டாம். வருமானம் இல்லாத கம்பெனிக்கும் வருஷா வருஷம் தணிக்கை உண்டு, என் ஃபீஸும் உண்டு.

நகையைத் தொடாதீர்கள், தம்பிகளா. கெஞ்சியே கேட்கிறேன். வேலையில் இருந்துகொண்டே, ராத்திரி இரண்டு மணி நேரம் ஒதுக்கி, முடிகிற ஒன்றைச் செய்யுங்கள்.

பாலக்கோட்டுப் பையன் போன வாரம் போன் பண்ணினான். மறுபடியும் ஓசூரில் வேலை, வேறு கம்பெனி. நகை இன்னும் அடகில்தான். ராத்திரியில் ஒரு லாரி கேம் செய்கிறானாம்: தொப்பூர் கணவாயில் தக்காளி கிரேட் ஒன்றுகூடச் சரியாமல் இறக்க வேண்டும்.

"இதுல லாரி தரைக்குள்ள போகலை சார்" என்றான். அப்புறம், "அந்த நூறு டாலரை எந்தத் தலைப்புல எழுதறது?"