எஃப்எஸ்சிகே: மீட்பு அல்ல, சரிபார்ப்பு

போன வாரம் ஒரு நண்பர் அழைத்தார். "கோப்பு முறைமை மீட்புன்னு போட்டிருந்தது, ஓட்டினேன். ரெண்டு வருஷப் படமெல்லாம் எங்கேய்யா?" அவர் ஓட்டியது எஃப்எஸ்சிகே (fsck): யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் வட்டிலுள்ள கோப்பு முறைமை, அதாவது கோப்புகளை அடுக்கிவைத்திருக்கும் ஏற்பாடு, ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை. அதை 'மீட்பு' என்று எழுதிய ஒரு தமிழ்க் கையேட்டை நம்பிவிட்டார். இந்த மொழிபெயர்ப்பை எத்தனை தடவைதான் பார்ப்பது!

ஃபைல் சிஸ்டம் செக் என்பதன் சுருக்கம் அது. பெல் ஆய்வகத்தில் கோவால்ஸ்கி எழுதியது. அதற்கு முன் ஐசெக், டிசெக் என்று தனித்தனி நிரல்கள் இருந்தன. எல்லாம் 'செக்'தான்.

மீட்பது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அடகுக் கடை. பணத்தைக் கட்டினால் வைத்த நகை, அதே நகை, கைக்கு வரும். எஃப்எஸ்சிகே நகையைத் தேடுவதில்லை, கடைப் பேரேட்டைப் புரட்டுகிறது. ஒரே பிளாக்கை (வட்டின் ஒரு துண்டை) இரண்டு கோப்புகள் சொந்தம் கொண்டாடுகின்றனவா, ஐநோடு (ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) சொல்லும் இணைப்பு எண்ணிக்கை அடைவுகளில் (ஃபோல்டர்களில்) உள்ள பெயர்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துவராத பதிவை அடித்துவிடவும் தயங்காது. 'கிளியர்?' (அழிக்கவா?) என்று கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு 'ஒய்' தட்டினால் போவது உங்கள் கோப்பாகவே இருக்கலாம். எந்த அடைவிலும் பெயரில்லாத கோப்பு அகப்பட்டால், லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவில் #131074 என்பதுபோல ஐநோடு எண்ணையே பெயராக்கிப் போட்டுவிடும். கோப்பின் பெயர் இருப்பது அடைவில், ஐநோடில் அல்ல. அடைவு கெட்டால் பெயரும் போச்சு, சீட்டில்லாத நகை மாதிரி.

சிலர் 'பழுதுபார்ப்பு' என்பார்கள். மீட்புக்கு அது எவ்வளவோ தேவலை. ஆனால் கட்டளையோடு மைனஸ் என் (-n) என்று சேர்த்துப் போட்டு ஓட்டினால் எதையும் தொடாமல், கோளாறை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுமே, அப்போது எந்தப் பழுதைப் பார்த்தது? 'கணக்கைச் சரிபார்' என்றால் பெட்டிக்கடைக்காரருக்கும் புரியும்: கூட்டிப் பார்ப்பது, உதைத்தால் திருத்துவது. ஆகவே 'கோப்பு முறைமைச் சரிபார்ப்பு' என்பதே போதும். திருத்தும் பகுதியைத் தனியே சொல்ல வேண்டுமென்றால் 'நேர்செய்தல்'. அழிந்த படங்களை வட்டிலிருந்து தோண்டி எடுக்கும் ஃபோட்டோரெக் போன்றவற்றுக்கு 'மீட்பு' இருக்கட்டும்.

அப்புறம் அந்தக் கையேட்டில், ஓட்டுமுன் வட்டுப் பிரிவை அன்மவுண்ட் செய், அதாவது பயன்பாட்டிலிருந்து கழற்றிவை, என்ற வரியே இல்லை. மவுண்ட் ஆகியிருக்கும் பிரிவில் திருத்தினால் இருப்பதும் கெடும். மொழிபெயர்த்தவர் அந்தக் கட்டளையை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்திருந்தால் 'மீட்பு' என்று எழுதக் கை வந்திருக்காது.

நண்பர் இப்போது லாஸ்ட்+ஃபவுண்டில் கிடந்த எண்களை ஒவ்வொன்றாகத் திறந்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்.