புழுக்கத்தில் வாடும் புல்லுக்குத் தண்ணீர் மருந்தா?

மே மாதம் கொங்குப் பக்கம் ஒன்றிரண்டு கோடை மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு புழுக்கம் வரும். காற்று அசையாது, உடம்பில் வியர்வை காயாது. புல்தரை வைத்திருப்பவர்களுக்குச் சித்திரை வெயிலைவிட இந்த நாட்கள்தான் ஆபத்து. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கோல்ஃப் மைதானம் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட மைதானத்தைப் பராமரிப்பவருக்கும், திருப்பூரில் வீட்டு முன்னால் இரண்டு சென்ட் புல் வளர்ப்பவருக்கும் இந்த நேரத்தில் வரும் சிக்கல் ஒன்றேதான். பகல் பதினோரு மணிக்குப் புல் சாம்பல் பூத்த மாதிரி நிறம் மாறும். மிதித்த கால்தடம் எழும்பாமல் அப்படியே கிடக்கும். பார்த்ததும் நம் கை தானாகத் தண்ணீர்க் குழாய்க்குப் போகும். பல தரைகள் செத்துப்போவது அந்தத் தண்ணீரால்தான்.

வெயிலில் புல் எப்படித் தப்பிக்கிறது என்று முதலில் பார்ப்போம். வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியாக ஆவியாகிவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகக் கிட்டத்தட்ட 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கரன்ட் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் புல் சுமார் 5 லிட்டரை ஆவியாக்கும். ஒரு சென்ட்டுக்கு அது 200 லிட்டர். அத்தனை வெப்பமும் இலையை விட்டு வெளியேறுகிறது.

காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இந்த வழி அடைபடுகிறது. வறண்ட காற்றில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், புழுக்கமான நாளில் அதே பானை ஏமாற்றிவிடும் அல்லவா? இலையின் கதையும் அதுதான். வேரடியில் எவ்வளவு நீர் இருந்தாலும் ஆவியாக இடமில்லாததால் இலையின் சூடு ஏறுகிறது. பகலில் கிரீன் மேல், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை மேல், மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கும் வழக்கம் கோல்ஃப் மைதானங்களில் உண்டு. வறண்ட காற்று வீசும்போது அது நன்றாகவே வேலை செய்யும். புழுக்கத்தில் பலன் மிகக் குறைவு, இலை நனைந்து கிடப்பதுதான் மிச்சம்.

அடுத்தது வேர். வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு மண்துளைகளில் காற்று வேண்டும். தண்ணீரை ஊற்றி ஊற்றி அந்தத் துளைகளை நிரப்பிவிட்டால் ஆக்ஸிஜன் நீர் வழியாகத்தான் வேரை எட்ட வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். போதாக்குறைக்கு, தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்ஸிஜனும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. வேரின் தேவையோ சூட்டில் கூடுகிறது. மூச்சு முட்டிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. சேற்றில் நின்றுகொண்டே புல் வாடுவது இப்படித்தான். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் விடுகிறோம்.

ஆகவே வாடிய புல்லைப் பார்த்ததும் ஒரு கத்தியைச் செருகி நான்கு விரல்கடை மண்ணைப் பெயர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. மண் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் விடலாம். கையில் ஒட்டி, சாக்கடை வாடை அடித்தால் குழாயை மூடிவிட வேண்டும்.

இங்கே நமக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. வெப்பநாட்டுக் கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலும் வளர்வது பெர்முடா புல், அதாவது நம் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும். டிஃப்ட்வார்ஃப், டிஃப்வே 419 ஆகியவை அருகையும் ஆப்பிரிக்க அருகு இனம் ஒன்றையும் கலந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உருவாக்கியவை. அவை விதை வைக்காது. தண்டு நட்டுத்தான் பரப்ப வேண்டும். வெயிலில் உணவு தயாரிக்கும் முறையை வைத்துப் பயிர்களைப் பிரித்தால், சோளம், கம்பு, கரும்பைப் போல அருகும் சி4 வகை. நெல்லும் குளிர்நாட்டுப் புற்களும் சி3. சூடு ஏறும்போது சி3 பயிரின் ரூபிஸ்கோ நொதி கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்ஸிஜனைப் பிடித்து, சேர்த்த உணவை வீணாக்கும். சி4 பயிரோ அந்த நொதியைச் சுற்றிக் கரியமில வாயுவை அடர்த்தியாகச் சேர்த்து வைத்து அந்த விரயத்தைத் தடுக்கிறது. 30 டிகிரிக்கு மேலும் அருகு உற்சாகமாக வளரக் காரணம் இதுவே.

ஆனால் அருகுக்கு முழு வெயில் வேண்டும், நிழலைத் தாங்காது. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் சாரலும் வந்து வானம் மூடிக் கிடக்கும்போது அதற்கு உணவு தயாரிப்பு குறைகிறது. இரவுச் சூடு தணியாவிட்டால் இருக்கிற உணவும் மூச்சுவிடுவதிலேயே தீர்ந்துபோகும். கிரீனில் புல்லின் உயரம் 3, 4 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய இலையை வைத்துக்கொண்டு அதனால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியும்? அதனால் மூட்டமான வாரங்களில் வெட்டும் உயரத்தை அரை மில்லிமீட்டராவது கூட்டுவதுதான் முதல் சிகிச்சை என்பது என் உறுதியான கருத்து. பந்து கொஞ்சம் மெதுவாக உருளும், ஆடுபவர்கள் முனகுவார்கள். பரவாயில்லை. காங்கேயத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப்புல்லை ஒட்ட மேயவிடாமல் மாட்டை இடம் மாற்றி மேய்ப்பதிலும் இதே அறிவு இருக்கிறது: இலை மிஞ்சினால்தான் வேர் மிஞ்சும்.

இந்த நிலையில் பூஞ்சை நுழைந்தால் சேதம் பெரிது. அருகின் வேரை அழுக வைக்கும் கெய்மனோமைசிஸ் பூஞ்சைக்கு மழையும் சூடும் ஒட்ட வெட்டிய புல்லும் சேர்ந்தால் கொண்டாட்டம். இலை மஞ்சளாகி நம் கண்ணில் படும்போது வேர் ஏற்கெனவே கறுத்திருக்கும். இலைப்புள்ளியை உண்டாக்கும் பைப்போலாரிஸ் இலை நெடுநேரம் நனைந்திருக்கும்போது பரவும். காலையில் இலை நுனியில் நிற்கும் துளி எல்லாம் பனி இல்லை. வேரின் அழுத்தத்தால் புல்லே வெளியே தள்ளும் சாறும் அதில் உண்டு. அதிலுள்ள சர்க்கரை பூஞ்சைக்குத் தீனி. விடிந்ததும் நீளமான கயிற்றையோ குழாயையோ இழுத்து அந்தத் துளிகளை உதிர்ப்பது இதற்காகத்தான். மாலையில் தண்ணீர் விட்டால் இலை இரவு முழுக்க நனைந்தே கிடக்கும். விடியலுக்குச் சற்று முன்பு விட்டால், எப்படியும் பனியில் நனைந்திருக்கும் நேரத்தோடு அது முடிந்துவிடும். யூரியாவையும் இந்த நாட்களில் அள்ளிப் போடக் கூடாது. இலை மெதுமெதுவென்று வளர்ந்து நோய்க்கு வழிவிடும்.

அப்புறம் போர் தண்ணீர். நம் பக்கம் பல இடங்களில் அது உப்பு. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் நீர் ஆவியாகி, உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். இடைவெளி விட்டு, வேர்ப்பகுதியைத் தாண்டி வடியும் அளவுக்கு ஒரேயடியாக விட்டால் உப்பு கீழே இறங்கிவிடும். இதற்கு மண்ணில் வடிகால் இருக்க வேண்டும். அதற்காகத்தான் முறையாகக் கட்டிய கிரீனில் 10 செ.மீ. ஜல்லி பரப்பி, அதன் மேல் 30 செ.மீ. அளவுக்கு மணல் கலவை போடுகிறார்கள்; அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட பரிந்துரையிலிருந்து வந்த வழக்கம் அது. களிமண் தரைக்கு அந்த வசதி இல்லை. அங்கே விரல் தடிமனுக்கு மண்ணைக் குழல் குழலாகப் பெயர்த்தெடுத்து, துளைகளில் மணலை நிரப்ப வேண்டும். இது புல்லைக் காயப்படுத்தும் வேலை என்பதால், வெயில் நன்றாக அடித்து அருகு வேகமாக வளரும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ முடித்துவிடுவது நல்லது. புழுக்கம் தொடங்கிய பிறகு மெல்லிய ஆணிகளால் குத்திக் காற்று விடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.