கேப்ஷன்: தலைப்பு அல்ல, விளக்கவரி

“படத்துக்குக் கீழே தலைப்பு இடுக.” கோலாலம்பூரில் ஆய்வேடு எழுதுவோர் கையில் சுற்றும் தமிழ் வழிகாட்டித் தாள்களில் இந்த வரி சலிக்காமல் வருகிறது. கீழே கிடப்பது எப்படித் தலைப்பாகும்?

அந்தத் தாள்கள் ‘தலைப்பு’ என்பது, படத்தோடு வரும் வரியைக் குறிக்கும் கேப்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லை. அதன் வேர் லத்தீனில் ‘பிடி’ என்று பொருள்படும் காபெரே. முதலில் கைப்பற்றல், பிறகு சட்ட ஆவணத்தின் முகப்பு, அதன்பின் கட்டுரையின் தலைவரி, கடைசியில்தான் படத்தோடு வரும் வரி. தலையைக் குறிக்கும் காபுட் இதற்கு வேர் அன்று. ‘தலைப்பு’க்காரர்கள் பாதிப் பொருளோடு அகராதியை மூடிவிட்டார்கள்.

வெறும் சொற்சண்டை என்றால் விட்டுவிடலாம். ஆனால் வேர்டு செயலியில் தலைப்பு என்றால் ஹெட்டிங். தாளை நம்பிய மாணவர் படத்தின் கீழுள்ள வரிக்கு ‘ஹெட்டிங் 2’ பாணியைக் கொடுக்கிறார். உடனே ‘படம் 4: பத்துமலைப் படிக்கட்டு’ பொருளடக்கத்தில் ஏறி உட்காருகிறது. பல்நிலை எண்வரிசை இருந்தால் 3.2 ஆக வேண்டிய பகுதி 3.3 ஆகிறது. படப் பட்டியலோ, உள்ளீடு எதுவும் இல்லை என்று கைவிரிக்கிறது. அது தேடுவது ‘இன்சர்ட் கேப்ஷன்’ கட்டளை வைக்கும் தானியங்கி எண்புலத்தை, அதாவது எண்ணைத் தானே கணக்கிட்டுக் காட்டும் மறைகுறியை. ‘படம் 4’ என்று கையால் தட்டியவருக்கும் அதே கதிதான்.

படத்தைத் தேர்ந்து, ரெஃபரன்சஸ் தாவலில் அந்தக் கட்டளையை அழுத்தி, ‘நியூ லேபில்’ வழியாகப் ‘படம்’ என்பதை ஒருமுறை சேர்த்தால் போதும். நடுவில் ஒரு படத்தை நீக்கினால் கன்ட்ரோல்+ஏ, பிறகு எஃப்9, எண்கள் திருந்திவிடும். உரையில் வரும் ‘படம் 4-ஐக் காண்க’ என்பதைக் கிராஸ்-ரெஃபரன்ஸாக இடாவிட்டால் அது மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கும். படம் ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ நிலையில் இருந்து, அதன் பத்திக்குக் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ கொடுத்திருந்தால் படம் ஒரு பக்கம், வரி மறுபக்கம் என்று பிரியாது.

சரி, எந்தச் சொல்? ‘பட விளக்கம்’ படத்துக்குப் பொருந்தும். ஆனால் அட்டவணைக்கும் சமன்பாட்டுக்கும் இதே கட்டளைதானே! பார்வையற்றோருக்குத் திரைவாசிப்பான் மென்பொருள் படித்துக்காட்டும் ஆல்ட் டெக்ஸ்டையும் சிலர் பட விளக்கம் என்கிறார்கள். அது தாளில் அச்சாகாத வேறு சரக்கு. ‘குறிப்பு’ என்றால் அடிக்குறிப்போடு மோதும், அட்டவணைக்கு அடியில் தரவு மூலம் சொல்லும் குறிப்போடும் மோதும். அட்டவணைக்கு மேலே வருவதால் அங்கேயாவது ‘தலைப்பு’ இருக்கட்டும் என்பார்கள். இடம் மாறினால் வேலை மாறிவிடுமா?

விளக்கவரி என்பதே தெளிவு. பட விளக்கவரி, அட்டவணை விளக்கவரி என்று எதோடும் ஒட்டும். ‘வரி’ என்றதும் வருமான வரி நினைவுக்கு வருகிறது என்று கேலி பேசுவோர் பாட்டு வரியைக் கேட்டுச் சிரிப்பதில்லை.

மலாயில் ‘கப்ஷென்’ என்றே எடுத்துக்கொண்டார்கள். அது அவர்கள் விருப்பம். நமக்குத் தொல்லை ‘ராஜா’வால். மலாயில் rajah என்று எழுதப்படும் அது வரைபடம். மலாய் வார்ப்புருவில் (டெம்ப்ளேட்டில்) தமிழ் ஆய்வேட்டை எழுதி ‘ராஜா 3’ என்று விட்டுவைத்தால் வாசகர் அரசரைத் தேடுவார். அந்த எழுத்தை அழித்துப் ‘படம்’ என்று தட்டினாலும் போதாது. உள்ளிருக்கும் புலம் ராஜா என்றே எண்ணிக்கொண்டிருக்கும், ‘படம்’ பட்டியலில் அவை வரா. ஆல்ட்+எஃப்9 அழுத்திப் புலக்குறியைத் திறந்து அங்கேயும் மாற்றிவிட்டு, மீண்டும் ஆல்ட்+எஃப்9, பிறகு எல்லாவற்றையும் தேர்ந்து எஃப்9.