யுவைட்டிஸ்: கருவிழி அழற்சி அல்ல, நடுப்படல அழற்சி

போன வாரம் ஒரு கண் மருத்துவமனையில் கொடுத்த தாளிலும் அதே தவறு: 'யுவைட்டிஸ் எனும் கருவிழி அழற்சி'. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

லத்தீனில் 'ஊவா' என்றால் திராட்சை. விழியின் வெள்ளைத் தோலை உரித்தால் உள்ளே கருந்திராட்சை போலத் தெரியும் அடுக்குதான் யூவியா. வெளியே வெண்படலம், உள்ளே விழித்திரை, நடுவில் இது. இதில் வரும் அழற்சிதான் யுவைட்டிஸ். அழற்சி என்ற சொல் அழலிலிருந்து வந்தது. அதில் குறையே இல்லை.

சரி, கருவிழி என்றால் எது? 'கருவிழி மாற்று அறுவை சிகிச்சை' என்று ஊரெல்லாம் சொல்வது கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவைத்தான். கார்னியா அழற்சி வேறு நோய். அறுவடையில் நெல் தாள் கண்ணில் கீறிப் பூஞ்சைப் புண் வருகிறதே, அது அந்த வகை. அதற்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டால் புண் பெருகிப் பார்வையே போகலாம். கண்ணின் முன்பகுதியில் வரும் யுவைட்டிஸுக்கோ பெரும்பாலும் அதே ஸ்டீராய்டு சொட்டுதான் முதல் மருந்து. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், அப்பாவுக்குக் கொடுத்த மருந்தைப் பிள்ளை எடுத்துவிட்டுக்கொள்ள மாட்டானா? மொழிபெயர்ப்பவர் அகராதியில் கண்ட முதல் சொல்லை எடுத்துப் போடுகிறார். அது கண்ணில் எந்த இடம் என்று பக்கத்து அறை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

யுவைட்டிஸைச் சிலர் 'கண் தொற்று' என்று எழுதுவது இன்னும் மோசம். 1993 இறுதியில் வெள்ளம் வந்தபின், 1994-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு யுவைட்டிஸ் நோயாளிகள் திரளாக வந்தார்கள். எலிக்காய்ச்சல் கிருமி என்று பிறகு தெரிந்தது. தமிழகக் கிராமங்களில் குளத்தில் குளிக்கும் பிள்ளைகளுக்குத் தட்டைப்புழுவால் வருவதும் உண்டு. காசநோயும் ஒரு காரணம். இதெல்லாம் தொற்றுதான். ஆனால் முதுகெலும்பு இறுகும் வாதத்தோடு வருவது உடம்பின் எதிர்ப்பாற்றல் உடம்பையே தாக்குவதால் வருவது. பலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை. அப்புறம் எப்படிப் பொதுப்பெயரில் தொற்றைச் சேர்ப்பது?

'திராட்சைப்படல அழற்சி' என்றும் எழுதுகிறார்கள். லத்தீன்காரர் கண்ட உவமை அவருக்கு; நோயாளிக்குத் தேவை இடம். நடுப்படல அழற்சி என்றால் இடம் தெளிவு. முன், இடை, பின், முழு என்று மருத்துவர்கள் பிரிக்கும் நாலு வகையும் அதிலேயே அடங்கும். 'முன் நடுப்படல அழற்சி' கொஞ்சம் நாக்கில் இடறுகிறது, உண்மைதான். 'நடுப்படல முன்பக்க அழற்சி' என்று திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.