நிறுவன விளையாட்டு நாளும் மறுநாள் வரும் காயங்களும்

பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் இறுதி வரை வடசென்னையில் நிறுவனங்களின் விளையாட்டு விழாக்களுக்கான காலம். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளும் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதியின் சரக்குப் போக்குவரத்து அலுவலகங்களும் ஊழியர்களை ஒருநாள் மைதானத்துக்கோ கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுக்கோ அழைத்துச் சென்று, கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், கபடி, கோ-கோ என விளையாட வைக்கின்றன. டி-ஷர்ட்டுக்கு ஒரு பொறுப்பாளர், பிரியாணிக்கு ஒருவர், கோப்பைக்கு ஒருவர் என்று ஆள் போட்டிருப்பார்கள். விளையாடுகிறவர்களின் உடம்பைப் பற்றி யோசிக்க மட்டும் ஆள் இருக்காது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தையொட்டி நடத்தப்பட்ட கயிறு இழுக்கும் போட்டியில் தோள் பிசகியவருக்கும் இயன்முறை மருத்துவராக நான் சிகிச்சை அளித்திருக்கிறேன்.

இப்படி வருபவர்களில் பெரும்பாலோர் முரட்டுத்தனமாக விளையாடியவர்கள் அல்லர். முப்பத்தைந்தைக் கடந்து, ஆண்டு முழுவதும் நாற்காலியிலும் பைக்கிலும் கழித்துவிட்டு, அன்று காலை இட்லி சாப்பிட்ட கையோடு ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தப்பட்டவர்கள். அணியில் வியாசர்பாடியில் தினமும் பந்து விளையாடும் இளைஞர் ஒருவர் இருந்துவிட்டால், அவர் வேகத்துக்கு மற்றவர்களும் ஓடப் பார்ப்பது இன்னும் ஆபத்து.

இந்த வயதினரிடம் நான் அதிகம் அஞ்சுவது, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்துபோவதைத்தான். நின்ற இடத்திலிருந்து திடீரென்று பாய்ந்து ஓடும் கணத்தில் அது அறுகிறது. "யாரோ பின்னாலிருந்து எட்டி உதைச்ச மாதிரி இருந்துச்சு சார், திரும்பிப் பாத்தா ஆளே இல்ல" என்று நோயாளி சொன்னால் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. அவரைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைச் சதையைக் கையால் அழுத்திப் பார்ப்போம். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். தசைநாண் அறுந்த காலில் அசையாது. இதில் ஏமாற்று என்னவென்றால், அறுந்த பிறகும் பலரால் ஓரளவு நடக்க முடியும் என்பதால், சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்து நீவிவிட்டுக்கொண்டே வாரக்கணக்கில் நாளைக் கடத்திவிடுகிறார்கள். கணுக்கால் பிசகினாலும் நீவிவிடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் முனையை அழுத்தும்போது சுள்ளென்று வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். புத்தூர்க் கட்டா மாவுக்கட்டா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

இவற்றில் பலவற்றைப் பதினைந்து நிமிட உடல் தயாரிப்பால் தவிர்க்கலாம். நின்ற இடத்தில் கையைக் காலை நீட்டி மடக்குவது மட்டும் போதாது. நடை, மெல்லோட்டம், முழங்காலை உயர்த்தி ஓடுவது, பக்கவாட்டில் நகர்வது என்று படிப்படியாக வேகம் ஏற வேண்டும்.

கயிறு இழுத்தலைப் பலர் பாதுகாப்பான விளையாட்டு என்று எண்ணுகிறார்கள். எனக்கு அந்த எண்ணமே கவலை தருகிறது. 1997-இல் தைவானின் தைபே நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து இழுத்த கயிறு அறுந்ததில் இருவருடைய கை துண்டானது. நைலான் கயிறு இழுக்க இழுக்க நீண்டு, அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். சரக்கு கட்டும் பழைய கயிறு கிடங்கில் இருக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். பிடி நழுவாமல் இருக்கக் கயிற்றை உள்ளங்கையில் சுற்றிக்கொள்வதும், கடைசி ஆள் இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்வதும் கூடவே கூடாது. மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். கயிற்றில் மாட்டிய மோதிரம் விரலின் தோலையும் ரத்தக் குழாயையும் சேர்த்து உரித்துக்கொண்டு போகக்கூடும். அப்படி விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையைத்தான் ஐஸின் மேல் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி 1971-இல் தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு ஸ்டான்லி மருத்துவமனையில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நம் கடலோரத்தில் காற்றின் ஈரப்பதம் அதிகம் என்பதால், வெப்பமானி காட்டும் அளவைவிட உடல் கூடுதலாகத் தவிக்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும், இங்கு அது வழிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஓட்டமும் கபடியும் காலை ஒன்பதரைக்குள் முடிந்துவிட வேண்டும். இரவு ஷிப்டு முடித்துவிட்டு நேராக மைதானத்துக்கு வருபவரை அன்று ஓட விடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு, பரிசளிப்பு உரை நீண்டு சாப்பாடு இரண்டரை மணிக்குத் தள்ளிப்போவதே பெரிய ஆபத்து. நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் கண்டால் வெயில் மயக்கம் என்று விட்டுவிடாமல், நினைவோடு இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். உடல் அனலாய்க் கொதித்துப் பேச்சுக் குழறினால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்.

என் அனுபவத்தில் காயங்களுக்கெல்லாம் முன்னால் வருவது, மறுக்க முடியாத நிலை. மேலாளர் மைக்கைப் பிடித்து, "என்ன மேடம், நீங்க மட்டும் உக்காந்துட்டீங்க?" என்று கேட்கும்போது, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கியவரோ, இன்னும் யாரிடமும் சொல்லாத கர்ப்பிணியோ, இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரோ நூறு பேர் நடுவில் காரணம் சொல்ல முடியாமல் எழுந்து வந்து கயிற்றைப் பிடிக்கிறார். வேண்டுவோர் விளையாடலாம் என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தாலும் மைக்கின் முன் அதற்கு மதிப்பில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே பட்டியலைச் சுற்றுக்கு விட்டு, நடுவர், புள்ளி குறிப்பவர், நேரம் பார்ப்பவர், கேரம் பலகைக்கு உட்காருபவர் ஆகிய இடங்களையும் விளையாட்டுகளோடு சமமாக அச்சிட்டு, எதைத் தேர்ந்தாலும் காரணம் கேட்காமல் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மைதானத்தில் மைக் வைத்திருப்பவருக்கு அந்தப் பட்டியலுக்கு வெளியே எவர் பெயரையும் கூப்பிட அனுமதி இருக்கக் கூடாது.