பழைய கம்ப்யூட்டருக்குப் புது மென்பொருள்: ஏற்றியவர் யார் என்று பார்த்தீர்களா?

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்து இப்போது தம்பி கையில் இருக்கும் லேப்டாப், டி.டி.பி. கடையில் இன்றும் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கும் விண்டோஸ் 7 பெட்டி. என் மேசைக்கு வருவதில் பாதி இந்த ரகம்தான். ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் மென்பொருள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாகி வருகிறது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைவிரித்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர். லினக்ஸ் பக்கம் போனால், டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13-ஆம் பதிப்பில் 32 பிட் (பழைய ரக பிராசஸர்) கம்ப்யூட்டருக்கான இன்ஸ்டாலரே கிடையாது, 12-ஓடு சரி. இந்த இடைவெளியை ஆர்வலர்கள் நிரப்புகிறார்கள். கட்டற்ற மென்பொருளைப் பழைய மெஷினுக்குத் தோதாகத் திருத்தி, இணையக் காப்பகங்களில் ஏற்றி வைக்கிறார்கள். உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது. நல்ல காரியம்தான்.

சிக்கல் என்னவென்றால், அங்கே யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஒரு டி.டி.பி. கடைக்காரர் ஆபீஸ் மென்பொருள் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். ஜிப்பைப் பிரித்தால் செட்டப் ஃபைலோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும். என்னைக் கேட்டால், அந்த வரியைப் பார்த்தவுடன் அழித்துவிடலாம். அவர் நம்ப வேண்டுமே! ஜிப்பைப் பிரிக்கும் 7-ஜிப் மென்பொருள் இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து சி.ஆர்.சி. எஸ்.ஹெச்.ஏ. என்பதில் எஸ்.ஹெச்.ஏ.-256 எடுக்கலாம். இதுதான் ஹேஷ், ஃபைலின் கைரேகை மாதிரி; ஃபைலில் கொஞ்சம் மாறினாலும் இதுவும் மாறிவிடும். 64 எழுத்து, எண் வரும். தயாரிப்பாளரின் தளத்தில் அதே பதிப்புக்குப் போட்டிருந்ததோடு வைத்துப் பார்த்தோம். முதல் நான்கு எழுத்திலேயே வேறு. அதாவது தயாரிப்பாளர் கொடுத்த ஃபைல் இது இல்லை.

"காப்பகப் பக்கத்துலயும் ஹேஷ் போட்டிருக்கே சார், அதோட சரியா இருக்கே" என்றார். பலரும் இடறுவது இங்கேதான். காப்பகம் காட்டும் ஹேஷ், ஏற்றப்பட்ட ஃபைலிலிருந்து கணக்கிட்டது. ஏற்றியது நடுவில் கெடாமல் உங்களிடம் வந்திருக்கிறது என்பதற்கு மட்டும் அது சாட்சி. (மழைக்காலத்தில் கரன்ட் போய்ப் பாதியில் நின்ற டவுன்லோடைக் கண்டுபிடிக்க நானும் அதைத்தான் பார்க்கிறேன்.) ஏற்றியதே கலப்படமாக இருந்தால்? அதையும் சரி என்றுதான் சொல்லும்.

தயாரிப்பாளரின் தளமே கைமாறிய கதையும் உண்டு. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் தளத்துக்குள் புகுந்தவர்கள், திருட்டுத்தனமாக நுழையப் பின்வாசல் வைத்த ஐ.எஸ்.ஓ.வுக்கு (இன்ஸ்டால் டிஸ்க் ஃபைல்) லிங்க்கைத் திருப்பிவிட்டார்கள். தளம் கையில் சிக்கினால் ஹேஷையும் மாற்றிவிடலாம். அதனால் ஜி.பி.ஜி. கையொப்பம் (தயாரிப்பாளர் தன் ரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் முத்திரை) இருக்கும் இடத்தில் அதையும் சரிபார்ப்பது நல்லது.

நீங்களே திருத்தி ஏற்றுகிறீர்களா? மூலம் எந்தப் பதிப்பு, எதை மாற்றினீர்கள், எந்த மெஷினில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் என்றால் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை.

இன்னொன்று. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி ஃபயர்பாக்ஸ் வரிசை 115 ஈ.எஸ்.ஆர். (நீண்ட நாள் அப்டேட் தரும் பதிப்பு). அதைப் போட்டாலும் விண்டோஸ் 7-க்கே பாதுகாப்பு அப்டேட் வராததால் அந்தப் பெட்டியில் பேங்க் வேலை வேண்டாம். பத்திரிகை அடிக்க நெட் எதற்கு? கேபிளைக் கழற்றிவிட்டே அடிக்கலாம்.