இண்டெக்ஸ் போட்டும் க்வெரி ஏன் நகர மாட்டேங்குது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "கஸ்டமர் டேபிள்ல 10 லட்சம் ரோ இருக்கு சார், மொபைல் நம்பருக்கு இண்டெக்ஸும் போட்டாச்சு, ஆனாலும் ஒரு நம்பரைத் தேடினா வெப்பேஜ் வர்றதுக்குள்ள பொறுமை போயிடுது, சர்வர்ல ரேம் ஏத்திடலாமா?"

ஏத்த வேண்டாம். (இண்டெக்ஸ்னா புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கிற அகரவரிசை மாதிரி, டேபிள்ல சட்டுனு தேட வெச்சுக்கிறது; க்வெரின்னா டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வி.) அவர் அனுப்பின பிஎச்பி கோடுல அந்த ஃபீல்டு வார்சார், அதாவது எழுத்தா சேமிக்கிற வகை, ஆனா க்வெரில நம்பரை கொட்டேஷன் போடாம அப்படியே ஒட்டியிருக்கார். சிக்கலே அதுதான். ஏன்னு சொல்றதுக்கு இண்டெக்ஸுக்குள்ள கொஞ்சம் எட்டிப் பாக்கணும், கம்ப்யூட்டர் சயின்ஸ்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல டேட்டாவை சேமிக்கிற பகுதியான இன்னோடிபி, எல்லாத்தையும் வழக்கமா 16 கேபி துண்டு துண்டாத்தான் வெச்சிருக்கும், ஒரு துண்டுக்குப் பேரு பேஜ். இண்டெக்ஸ்ங்கிறது அந்த பேஜ்களால ஆன ஒரு மரம், பி ப்ளஸ் ட்ரீ. 10 இலக்க நம்பர், கூடவே கீழ எந்த பேஜுக்குப் போகணும்ங்கிற குறிப்பு, எல்லாம் சேத்து ஒரு என்ட்ரிக்கு தோராயமா 30 பைட்னு வைங்க, ஒரு பேஜ்ல 500 என்ட்ரி தாராளமா அடங்கும். அப்போ மேல ஒரு பேஜ், அதுக்குக் கீழ 500, அதுக்கும் கீழ இரண்டரை லட்சம் இலை பேஜ் (கடைசி அடுக்கு), ஆக மூணே அடுக்குல 12 கோடி நம்பர் வரைக்கும் இடம் இருக்கு! உங்க 10 லட்சத்துல ஒண்ணைப் பிடிக்க மூணு பேஜ் படிச்சா போதும், அங்க கிடைக்கிற ப்ரைமரி கீயை (ஒவ்வொரு ரோவுக்கும் இருக்கிற தனி அடையாளம்) வெச்சு முழு ரோவை எடுக்க இன்னும் மூணு நாலு பேஜ், அவ்ளோதான்.

இதுல அழகே மரம் வளர்ற விதம்தான். இலை பேஜ் நிறைஞ்சா ரெண்டா உடையும், புது பேஜ் எங்க தொடங்குதுங்கிற குறிப்பு ஒரு அடுக்கு மேல போகும், அந்த பேஜும் நிறைஞ்சிருந்தா அதுவும் உடையும், இப்படியே போய் உச்சியில இருக்கிற வேர் உடைஞ்சாத்தான் மரத்துக்கு ஒரு அடுக்கு கூடும். கீழ்ப்பக்கமா நீளவே நீளாது, அதனால எல்லா இலையும் எப்பவும் ஒரே ஆழத்துலதான் இருக்கும், எந்த நம்பரைத் தேடினாலும் ஒரே தூரம். இதோட மூலமான பி ட்ரீயைக் கண்டுபிடிச்ச ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் அப்போ வேலை பாத்தது விமானம் செய்யுற போயிங்கோட ஆராய்ச்சிக் கூடத்துல, 1970 வாக்குல. விமானக் கம்பெனி செலவு பண்ணின அடிப்படை ஆராய்ச்சிலதான் இன்னிக்கு உலகத்துல எக்கச்சக்கமான வெப்சைட் ஓடுது, நம்ம ஊர் ஐடி கம்பெனிகளும் லாபத்துல ஒரு பங்கை இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு ஒதுக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

சரி, கொட்டேஷனுக்கு வருவோம். அந்த மரம் முழுக்க எழுத்து வரிசைல அடுக்கினது, அதாவது "10" முன்னாடி, "9" பின்னாடி. நீங்க கொட்டேஷன் இல்லாம எண்ணாக் கேட்டா மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு ரோலயும் இருக்கிற எழுத்தை எண்ணா மாத்தித்தான் ஒப்பிட்டாகணும், ஏன்னா "98", "098", "98 வீடு" மூணுமே எண்ணா மாறினா 98தான், ஆனா மரத்துல மூணும் ஒரே இடத்துல இருக்காது. எந்தக் கிளைல இறங்குறது? வழியே இல்ல, 10 லட்சத்தையும் படிக்கும். ஆண்டு மட்டும் பிரிச்செடுக்க தேதி ஃபீல்டை இயர் ஃபங்ஷனுக்குள்ள போட்டாலும் இதே கதி, அதுக்கு பதிலா ஜனவரி 1லேர்ந்து அடுத்த ஜனவரி 1க்கு முன்னாடி வரைக்கும்னு கேளுங்க. லைக்ல (சொல்லோட ஒரு பகுதியை மட்டும் குடுத்துத் தேடுறது) முன்னாடி %, அதாவது "இங்க எது வேணா இருக்கலாம்"னு போட்டா, "மணி"ன்னு முடியுற சொல்லை அகராதில தேடுற கதைதான்.

வழி ரொம்ப எளிசு. டேட்டாபேஸோட பேச பிஎச்பில இருக்கிற பிடிஓல க்வெரியை ப்ரிப்பேர் பண்ணி, எக்ஸிக்யூட்ல நம்பரை அரேயா குடுங்க, அது ஸ்ட்ரிங்காவே போகும், மரமும் வேலை செய்யும், எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (வெளியாள் தன் கட்டளையை க்வெரிக்குள்ள நுழைக்கிறது) ஓட்டையும் அதோட அடைபடும். மெதுவா இருந்தா கண்ணை மூடிட்டு எல்லா ஃபீல்டுக்கும் இண்டெக்ஸ் போடுறது வெறும் மூடநம்பிக்கை, ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் அத்தனை மரத்தையும் திருத்தணும், எழுதுற வேகம் அடி வாங்கும். க்வெரிக்கு முன்னாடி எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பாருங்க, வர்ற விடைல டைப்ங்கிற இடத்துல "ஆல்"னு வந்தா முழு டேபிளையும் படிக்குதுன்னு அர்த்தம், கொட்டேஷனைப் போட்டுட்டு திரும்ப ஓட்டினா அதே இடத்துல "ரெஃப்"னு வரணும்.